கால் சரியில்லையா, வேலை சரியில்லையா?

"பூட்ஸ் குடுத்தா போட மாட்டேங்கறாங்க. நாங்க என்னங்க பண்ண முடியும்?"

தூய்மைப் பணியாளர்களின் கால்களைப் பற்றிப் பேசப் போனால், ஒப்பந்த நிறுவனத்தின் மேஸ்திரி முதல் நகராட்சி அதிகாரி வரை எங்களுக்குச் சொல்லும் பதில் இதுதான். ஊர் மாறினாலும் பதில் மாறுவதில்லை. இதைக் கேட்டுக்கொண்டு இனியும் பேசாமல் திரும்பி வர எங்களால் முடியாது.

கொங்குப் பகுதியில் ஒரு நகராட்சி. குப்பை தரம்பிரிக்கும் அருந்ததியர் அக்கா ஒருவர், வயது 52, பத்து வருடமாகச் சர்க்கரை. போன மழைக்காலத்தில் உடைந்த ட்யூப்லைட் சில்லு ஒன்று அவர் பாதத்தில் ஏறியது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்ததால் வலி தெரியவில்லை. இரவு கால் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மறுநாள் லீவு கேட்டார். "வராட்டி சம்பளம் கட்" என்றார்கள். துணியைச் சுற்றிக்கொண்டு ஆறு நாள் வேலைக்குப் போனார். ஏழாம் நாள் கால் வீங்கி, விரல் கறுத்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள்.

அவருடைய சீட்டில் எழுதியிருந்தது "சர்க்கரைப் புண்" என்று மட்டுமே. எங்கே, எந்த வேலையில், எது குத்தி வந்த புண் என்று ஒரு வரி இல்லை. அந்த வரி இல்லாததால் அது வேலையில் ஏற்பட்ட காயமாகக் கணக்கில் வரவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணை, கால் பெருவிரலை அடியோடு இழந்தால் உழைப்புத் திறனில் 14 விழுக்காடு இழப்பு என்று சொன்னது. அக்காவுக்குக் கிடைத்ததோ, "சக்கரைய ஒழுங்கா பாத்துக்கம்மா" என்ற அறிவுரை.

இது ஒருவர் கதை அல்ல. எந்தக் காலனிக்குப் போனாலும் கால்களைப் பாருங்கள். சாக்கடைத் தண்ணீரில் ஊறி, விரல் இடுக்கு வெளுத்துப் பிளந்த சேற்றுப்புண். அந்தப் பிளவு வழியே கிருமி ஏறினால் முழங்கால் வரை சிவந்து வீங்கிக் காய்ச்சல் வரும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் பட்டால் அதே பிளவு எலிக்காய்ச்சலுக்கு வழிவிடும். விடிகாலையில் தொடங்கி மணிக்கணக்காக நின்று கூட்டுகிற பெண்களுக்குக் குதிகால் வலி. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியே உயிர் போகும். நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, மாதக்கணக்கில் ஆறாத புண். மூடியில்லாத குழியில் கால் சிக்கிச் சுளுக்கிய கணுக்கால். ஓய்வு கொடுக்காததால் அடிக்கடி மடங்குகிறது.

இவற்றையெல்லாம் "சுத்தமில்லாதவங்க, பாத்துக்கத் தெரியாதவங்க" என்ற கணக்கில் எழுதுகிறார்கள். ஊர் அசுத்தத்தைச் சுமக்கிறவரையே அசுத்தமானவர் என்பது சாதியின் பழைய கணக்கு. மருத்துவச் சீட்டிலும் அதே கணக்கு ஓடுகிறது.

பூட்ஸுக்கு வருவோம். ஏன் போடவில்லை என்று அக்காவிடம் கேட்டோம்.

"என் காலுக்கு அஞ்சாம் நெம்பரு, கண்ணு. எட்டாம் நெம்பரு குடுத்தாங்க. நடந்தா கழண்டுக்குது. தண்ணி உள்ள போச்சுன்னா பொழுதுக்கும் கால் ஊறிக் கெடக்கு. அதுக்கு வெறுங்காலே தேவலைங்கண்ணு."

பெண்களின் கால் அளவை யாரும் எடுப்பதில்லை. ஒரே ஒரு ஜோடி. நனைந்தால் காயவைக்க மாற்று இல்லை. கழற்றிக் கால் கழுவ இடமில்லை, சோப்பு இல்லை. இந்த பூட்ஸைப் போட்டாலும் சேற்றுப்புண், போடாவிட்டாலும் கண்ணாடி. கையெழுத்து வாங்கிக்கொண்டு "கொடுத்தாச்சு" என்று கணக்குக் காட்டுவதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல.

"இவங்களுக்குச் செருப்பு போட்டே பழக்கமில்லைங்க" என்றும் ஒரு அதிகாரி சொன்னார். பழக்கமில்லாமல் போனது எப்படி? ஊருக்கே செருப்பு தைத்துக் கொடுத்தவர்களை, ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துப் போகச் சொன்னது யார்? பழைய கதை என்று சொல்லாதீர்கள். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் ஆதிக்கச் சாதித் தெரு ஒன்றில் சுமார் 60 தலித் மக்கள் முதன்முறையாகச் செருப்போடு நடந்தது 2023 டிசம்பரில். பொது இடத்தில் ஒருவர் காலணி அணிவதைத் தடுப்பதை, 2015இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியாகப் பெயர் சொல்லியே குற்றம் என்கிறது. அப்படி எழுத வேண்டிய தேவை இந்த நாட்டில் இருந்தது. செருப்பைப் பறித்தவர்களே இன்று பழக்கமில்லை என்று பழி போடுகிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஒவ்வொருவருக்கும் காலை அளந்து பூட்ஸ், அதுவும் இரண்டு ஜோடி. வார்டு அலுவலகத்தில் கால் கழுவத் தண்ணீர், சோப்பு, உடை மாற்ற அறை. மாதம் ஒருமுறை சர்க்கரையும் பாதமும் பரிசோதனை. காலில் காயம் என்றால் சம்பளத்தோடு விடுப்பு. ஒவ்வொரு காயமும் பணியிட விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

பணியாளர் தோழர்களுக்கு ஒன்று. ஓ.பி.யில் "கால்ல புண்ணு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இன்ன தேதி, இன்ன தெருவில், வேலை செய்யும்போது குத்தியது" என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எங்களைக் கூப்பிடுங்கள். சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். டி.டி. ஊசி போட்டாச்சா என்று கேளுங்கள். கால் சிவந்து சூடாக வீங்கினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவர்களுக்கும் ஒன்று. புண்ணைப் பார்க்கும்போது "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேளுங்கள். பதிலைச் சீட்டில் எழுதுங்கள்.

அக்கா மறுபடியும் வேலைக்குப் போகிறார். விரல் இல்லாத காலோடு, அதே எட்டாம் நம்பர் பூட்ஸில் துணியைத் திணித்துக்கொண்டு. அடுத்த வாரம் அவருடைய சீட்டையும் அந்த பூட்ஸையும் எடுத்துக்கொண்டு நகராட்சி ஆணையர் அலுவலகத்துக்குப் போகிறோம். வரக்கூடியவர்கள் வாருங்கள்.

ஜெய்பீம்.