குடிக்கிற தண்ணீர் வேறு, மூச்சுக்குப் போகிற தண்ணீர் வேறு

கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் யாராவது ராத்திரி முகமூடி மாட்டிக்கொண்டு சீபாப் மெஷினோடு தூங்குகிறவர் என்றால் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் குறட்டை விடுகிற சொந்தக்காரருக்கு அனுப்பி வையுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

போன வாரம் என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மம்சாபுரம் சாலையில் ஸ்கூட்டரில் போகும்போது பட்டப்பகலில் கண் அயர்ந்து ரோட்டோரம் சாய்ந்துவிட்டார். காறை எலும்பு முறிவு. எதிரே வண்டி எதுவும் வராதது அவர் அதிர்ஷ்டம். இரண்டு வருடத்துக்கு முன்பே அவருக்கு ஸ்லீப் ஆப்னியா என்று கண்டுபிடித்து, கைக்காசு போட்டு மெஷின் வாங்கியவர். பார்க்கப் போன நான் முதலில் கேட்டது அதைத்தான்.

"மெஷின் போடுறீங்களா சார்?"

"இல்ல சார். மூணு மாசமா பீரோ மேலதான் இருக்கு. மாட்டுனா ஒரே நாத்தம். கம்மாக்கரையில மூஞ்சிய வச்சுப் படுத்த மாதிரி இருக்கு."

எடுத்துப் பார்த்தேன். மெஷினோடு சேர்ந்த தண்ணீர்த் தொட்டியின் அடித்தட்டு முழுக்க வெள்ளைப் பொருக்கு. மூலைகளில் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று ஒரு படலம். மூன்று மாதமாகத் தேங்கி நின்ற தண்ணீர் வற்றிப்போயிருந்தது. "இதக் கழுவவே இல்லையா சார்?" என்றேன். "கழுவணுமா? தண்ணிதானே சார் ஊத்துறோம்?" என்றார்.

அவரை நான் குறை சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் நடத்திய நானே முதல் வருடம் அதைத்தான் செய்தேன். கடின நீர், மென்னீர், தற்காலிகக் கடினத்தன்மை, நிரந்தரக் கடினத்தன்மை என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன் நான். என் தலைமாட்டில் இருக்கிற கால் லிட்டர், அரை லிட்டர் டப்பாவைப் பற்றி யோசிக்கவில்லை.

செண்பகத்தோப்பு போகிற சாலையில்தான் என் வீடு. போர் தண்ணீர். குளியலறைக் குழாயில் வெள்ளை படிகிற தண்ணீர். அதைத்தான் தொட்டியில் ஊற்றினேன். ஒரே மாதத்தில் தட்டில் சுண்ணாம்பு. சரி, வேதியியல் வாத்தியார் மூளையைக் காட்டுவோம் என்று மலைத் தண்ணீருக்கு மாறினேன். காட்டழகர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் கேனில் பிடித்து வருவார்களே, அந்தத் தண்ணீர். பாறையில் வழிந்து வருவது, உப்பு குறைவு, பொருக்கு பிடிக்காது. என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பொருக்கு நின்றுவிட்டது. தெரிந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூலிகைத் தண்ணீர் மூச்சுக்குள் போகிறது என்று வேறு ஒரு எண்ணம்.

பதினைந்து நாளில் என் வீட்டம்மா கூப்பிட்டார். "ஏங்க, உங்க தண்ணி டப்பாவுல பாசி புடிச்சிருக்கு. ஊறுகா ஜாடி இப்படி இருந்தா நான் தெருவுல வீசியிருப்பேன்."

உப்பு இல்லாத தண்ணீர் என்றால் உயிர் இல்லாத தண்ணீர் என்று அர்த்தமில்லை. அந்த ஓடையில் யானை இறங்குகிறது, காட்டுமாடு இறங்குகிறது, இலை தழை அழுகுகிறது. காட்டுக்கு அது நல்ல தண்ணீர். நம் வயிற்றில் அமிலம் இருக்கிறது, வருகிற கிருமியில் பாதியை அது பார்த்துக்கொள்ளும். நுரையீரலுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. போர் தண்ணீரில் கிடைத்தது சுண்ணாம்பு, மலைத் தண்ணீரில் கிடைத்தது பாசி. இரண்டும் இல்லாததுதான் வாலை வடித்த நீர், டிஸ்டில்டு வாட்டர். தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதியிருப்பதும் அதுதான். ஆனால் கையேடு ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

மிகைப்படுத்திப் பயமுறுத்தவும் கூடாது. இந்தத் தொட்டி தண்ணீரைத் துளித்துளியாகத் தெளிப்பதில்லை. அடியில் சூடாகி எழும் ஆவியைத்தான் காற்று இழுத்துப் போகிறது. ஆவியில் உப்பும் ஏறாது, கிருமியும் சாதாரணமாக ஏறாது. அதனால் ஒரு நாள் கழுவாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் தொட்டி அசைந்து தண்ணீர் தெறிக்கும், குழாயில் ஆவி குளிர்ந்து நீர் கோக்கும், படலம் மெல்ல மெல்லக் குழாய்க்குள் ஏறும். முகமூடிக்குள் நாற்றம் வரும், மூக்கு அடைக்கும், மனுஷன் மெஷினைக் கழற்றி பீரோ மேல் வைப்பார். என் நண்பருக்கு எலும்பு முறிந்தது கிருமியால் அல்ல, மெஷினை எடுத்து வைத்ததால்.

2021 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை பரவி, தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. சர்க்கரையும் ஸ்டீராய்டும்தான் பெரிய காரணங்கள். ஆனாலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு அப்போது கொடுத்த அறிவுரைகளில், ஆக்சிஜன் கொடுக்கும்போது ஈரப்பதமூட்டியில் சுத்தமான, கிருமி நீக்கிய தண்ணீரையே ஊற்றுங்கள் என்பதும் ஒன்று. அது ஆக்சிஜன் குப்பி, இது சீபாப் தொட்டி, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் நம் ஊரில் சீபாப் போடுகிறவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இருக்கிறது.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். மெஷின் கொண்டு வந்தவர் என் வீட்டில் இருந்தது இருபது நிமிடம். பட்டன் காட்டினார், முகமூடி மாட்டிக் காட்டினார், பில் கொடுத்தார். தொட்டியைப் பற்றி "தண்ணி ஊத்திக்குங்க சார்" என்று மூன்றே சொல். எந்தத் தண்ணீர்? எப்போது மாற்றுவது? எதைப் போட்டுக் கழுவுவது? ஒன்றும் கிடையாது. மிக்ஸி விற்கிற கடைக்காரர் கூட ஜாரைக் கழற்றிக் கழுவிக் காட்டுகிறார்! இத்தனை ஆயிரம் ரூபாய் மருத்துவக் கருவிக்கு அந்த மரியாதை இல்லையா? 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் இந்த முறையை மருத்துவ உலகுக்கு எழுதிக் காட்டினார். நாற்பது வருடம் தாண்டிவிட்டது. தமிழில் ஒரு பக்கத் தாள் அச்சடித்து டப்பாவோடு கொடுக்க விற்பவருக்கு என்ன கஷ்டம்? அந்தத் தாளை நோயாளி கையில் மட்டும் கொடுக்கக் கூடாது. நிஜத்தில் கழுவப் போகிறவர் அவர் மனைவி அல்லது மருமகள். அவர்களை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

அந்தத் தாள் வரும் வரை, நான் செய்வதை எழுதுகிறேன். காலையில் எழுந்ததும் தொட்டியைக் கழற்றி மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். மிச்சத்தின் மேல் புதிதாக ஊற்றவே கூடாது, அதுதான் பெரிய தப்பு. அலசி, திறந்தபடி நிழலில் கவிழ்த்து வைப்பேன். வாரம் ஒருநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, கையாலோ மெல்லிய துணியாலோ தேய்த்து நன்றாக அலசுவேன். கம்பி நார் கூடவே கூடாது, கீறலில்தான் அழுக்கு குடியேறும். வெள்ளை படிந்திருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற வைப்பேன். குமிழி குமிழியாக வந்தால் பயப்படாதீர்கள். சுண்ணாம்பும் அமிலமும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வருகிறது, பத்தாம் வகுப்புப் பாடம். முகமூடியும் குழாயும் இதே மாதிரி கழுவ வேண்டியவைதான். தொட்டியில் வெடிப்போ, உலோகத் தட்டில் அரிப்போ தெரிந்தால் புதிது வாங்கிவிடுங்கள்.

பிளீச்சிங், டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். சளிக்கு நல்லது என்று தொட்டியில் நீலகிரித் தைலம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், ராத்திரி முழுக்க அந்த நெடி நுரையீரலுக்குள் நேரே போகும். ஓசோனில் தானாகச் சுத்தம் செய்யும் பெட்டி என்று இணையத்தில் விற்கிறார்கள். அந்த மாதிரி எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று 2020 பிப்ரவரியிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. இரண்டு சொட்டு சோப்புக்கு ஈடாக இத்தனை செலவு எதற்கு?

தண்ணீர் கிடைப்பதுதான் நம் ஊரில் சிக்கல். கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டால் பேட்டரிக்கு ஊற்றுகிற கேனை எடுத்துக் கொடுக்கிறார்கள். மனிதன் மூச்சுக்கு என்று யாரும் உத்தரவாதம் தராத தண்ணீர் அது. மருந்துக் கடையில் சொல்லி வைத்து வாங்குங்கள். கிடைக்காத இரவில் நான் ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுகிறேன். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பயனில்லை, கிருமி சாகும், உப்பு முழுதாகப் போகாது. இரண்டும் இல்லையென்றால் ஈரப்பத வசதியை அணைத்துவிட்டு வெறும் காற்றில் போடுங்கள். மூக்கு காயும், ஆனால் மூச்சு நிற்காது. மெஷினைப் போடாமல் மட்டும் படுக்காதீர்கள்.

இன்னொன்று. மெஷின் கட்டிலைவிடத் தாழ்வாக இருக்கட்டும், இல்லையென்றால் குழாயில் கோத்த நீர் நடுராத்திரியில் முகத்துக்கு வரும். தொட்டியில் தண்ணீரோடு மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகாதீர்கள், மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

நண்பரின் தொட்டியை வீட்டுக்கு எடுத்து வந்து இரண்டு நாள் வினிகரில் போட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு போனது, தட்டில் அரிப்பு தெரிந்தது. புதிது சொல்லியிருக்கிறோம். அது வரும் வரை தண்ணீர் இல்லாமல் போட்டுக்கொள்கிறார். நேற்று காலை போன் பண்ணி, "சார், ராத்திரி ஒரு தடவைகூட எந்திரிக்கல" என்றார்.

ஶ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் யாரிடமாவது இந்த மெஷின் இருந்தால் வருகிற ஞாயிறு காலை தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். வினிகர் வாங்கி வைத்திருக்கிறேன். கழுவுகிறவரையும் கூட்டி வாருங்கள். காபி உண்டு.