‘பாவம், ஒரே ஒரு பிஸ்கட்’... குண்டாகும் பக் நாய்கள்!

டீ நேரத்தில் தாத்தா ஒண்ணு, ஸ்கூல் விட்டு வந்த பேரன் ஒண்ணு, சீரியல் பார்க்கும் பாட்டி ரெண்டு. யாருமே நிறைய கொடுக்கலைதான். ஆனால், 7 கிலோ இருக்க வேண்டிய பக் நாய் 10 கிலோவாகிவிடுகிறது. சப்பை மூக்கால் ஏற்கெனவே மூச்சுத் திணறும் இனம் இது. சென்னை வெயிலில் அந்த 3 கிலோ உயிருக்கே ஆபத்து.

எடை குறைய அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்டில் ஏறக்குறைய 25. நாலு பிஸ்கட்டிலேயே மூன்றில் ஒரு பங்கு காலி! அப்புறம் தட்டில் சோற்றை மட்டும் குறைத்து என்ன பயன்? நாயைத் திட்டுவதைவிட, பிஸ்கட் டப்பாவை ஒருத்தர் பொறுப்பில் விடணும்.

தைராய்டு பிரச்னை இல்லை என்று கால்நடை மருத்துவரிடம் முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது. பட்டினி வேண்டாம், வாரம் 100 முதல் 200 கிராம் குறைந்தாலே போதும். உணவைக் கண்ணளவில் போடாமல், எடை போட்டுத்தான் வைக்கணும். கெஞ்சினால் வேகவைத்த பீன்ஸ் கொடுக்கலாம். லேசாகத் தடவினாலே விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும்வரை இதே கணக்குதான்.