இரண்டாவது மாத்திரை

நெஞ்செரிச்சலுக்கென்று நாள்தோறும் ஒரு மாத்திரை விழுங்கிவருபவர், உபாதை தீரவில்லையென்று வைத்தியரிடம் மீண்டும் போய் முறையிட்டால், பெரும்பாலும் இரண்டாவது மாத்திரை ஒன்றுடன்தான் வீடு திரும்புகிறார். முதல் மாத்திரையை எந்த வேளையில் சாப்பிட்டீர்கள் என்று அங்கே விசாரிப்பார் அபூர்வம். மருந்துக்கடையில் "கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்று வாங்கிக்கொள்பவரைக் கேட்பதற்கோ ஒருவருமே இல்லை. துணை மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த விசாரணை நடந்தாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பாண்டோபிரசோல், ஓமெப்ரசோல் முதலியவை, இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகள் ஆகாரம் வந்ததும் முடுக்கம் கொள்ளும் சமயத்தில்தான் அவற்றை நன்கு முடக்கவல்லவையாதலால், உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே உட்கொள்ளத்தக்கவை. இட்லியும் காபியும் முடிந்தபின், ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்த்து இதையும் வாயில் போட்டுக்கொள்பவருக்குப் பூரண பலன் கிட்டாது.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விஷயத்தில் கவனிக்கத்தக்கது. மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்ட 366 பேரில், ஓமெப்ரசோலை இருவேளையும் ஆகாரத்துக்கு முன் முறையாக உட்கொள்ளச் செய்த மாத்திரத்திலேயே 42 பேருக்குக் குணம் தெரிந்தது. 99 பேருக்கோ, பரிசோதித்துப் பார்த்ததில், அமிலம் காரணமே அன்று. இவ்வாறு பலரும் விலக, எஞ்சிய 78 பேர்தாம் சிகிச்சைகளை ஒப்பிடும் கட்டத்தை எட்டினர். அவர்களுள் அறுவை சிகிச்சை பெற்றோரில் 67 சதவீதத்தினர் நிவாரணம் அடைய, பேக்லோஃபென் முதலிய துணை மருந்துகள் பெற்றோரில் 28 சதவீதத்தினரே தேறினர். உடனே எல்லோரும் கத்திக்குத் தயாராக வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை; யாருக்கு எது என்று சோதித்தறியாமல் மருந்தைக் கூட்டுவதில் பிரயோஜனம் சொற்பம் என்கிறேன்.

துணை மருந்துகள் வீண் என்பதும் சரியன்று. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், இரைப்பையில் உள்ளவற்றின்மேல் தெப்பம்போல் மிதந்து தடுப்பதால், சாப்பிட்டபின் எதுக்களிப்பவர்களுக்கு உதவும். ஃபாமோடிடின் இரவு எரிச்சலைத் தணிக்கும். ஆனால் தினமும் தின்றால் ஓரிரு வாரங்களிலேயே அதன் வீரியம் மங்குமாகையால், தேவைப்படும் இரவுகளுக்கென்று வைத்துக்கொள்வது உசிதம். நம் நாட்டில் பாண்டோபிரசோலோடு ஒரே கேப்ஸ்யூலில் அடைத்து விற்கப்படும் டோம்பெரிடோனைப் பற்றித்தான் எனக்குக் கவலை: இருதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால், 2014-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் அதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேற்படாமல், கொடுக்கும்படி வரையறுத்துவிட்டார்கள்; இங்கோ மாதக்கணக்கில் அதை உண்போர் உண்டு.

இரவு பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் உண்டு உடனே படுக்கும் பழக்கம் இருக்குமட்டும் எந்த மாத்திரையும் திணறத்தான் செய்யும். உணவுக்கும் உறக்கத்துக்கும் மூன்று மணி இடைவெளி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் மரக்கட்டை, இடப்புறம் சாய்ந்த சயனம் ஆகியவற்றுக்குச் செலவு அதிகமில்லை. மருந்துச் சீட்டில் இவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். விழுங்குவதில் சிரமம், காரணமின்றி உடல் மெலிதல், கறுத்த மலம் இவற்றில் ஏதேனும் தோன்றினால் மட்டும், எந்த மாத்திரையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிராமல், எண்டோஸ்கோப்பி பரிசோதனைக்குப் போய்விட வேண்டும்.