டிரம்மில் இருப்பது என்ன? ஊருக்கும் தெரிய வேண்டும்

பூச்சிமருந்து டப்பா ஒன்றை வாங்கினால் அதன் மேல் முக்கோணம் அச்சிட்டிருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் வேகம் படிப்படியாகக் குறையும். கூடவே வட்டார மொழியிலும் துண்டுப் பிரசுரம் வைக்க வேண்டும் என்பது 1971-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதி. உடலில் பட்டால் என்ன செய்வது, காலி டப்பாவை எப்படி ஒழிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் டேனரிக்குப் போகும் ரசாயன டிரம்மைப் பற்றி, அடுத்த வயல்காரருக்கு இந்த அளவு விவரம்கூடக் கிடைப்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1984 போபால் விபத்துக்குப் பின், 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989-ல் ஆபத்தான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய விதிகள் வந்தன. இத்தகைய ரசாயனத்தை வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர் 30 நாள் முன்பாக, இயலாவிட்டால் சரக்கு வரும் தேதிக்குள்ளாவது, அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். சரக்கு யாருக்கு, எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது, எவ்வளவு, அதன் முழுப் பாதுகாப்பு விவரம் என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். டிரம்மின் மேல் உள்ளிருக்கும் பொருளின் பெயரும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரியும் வேண்டும். ஆலையில் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்க வேண்டும். கேட்டால் பார்வைக்குத் தர வேண்டும்.

'கேட்டால்' என்பதில்தான் சங்கடம். பெயரே தெரியாத சரக்கைப் பற்றி விவசாயி எதைக் கேட்பார்? தோலில் மயிர் நீக்கும் சோடியம் சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும். தாளில் இந்த எச்சரிக்கை உண்டு. பழைய டிரம்மை மலிவாக வாங்கித் தண்ணீர் பிடித்து வைப்பவருக்கு அந்தத் தாள் போய்ச் சேருவதில்லை.

தெரியாமல் இருந்ததன் விலையைப் பாலாற்றுக் கரை கொடுத்துவிட்டது. குரோம் முறையில் தோல் பதனிட ஏறத்தாழ 170 வகை ரசாயனங்கள் பயன்படுவதாகவும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ கெட்டுப்போனதாகவும் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துரைத்தது. நிலக் கணக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்தது. 2001-ல் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு முடிவாயிற்று. தலைக்குப் பத்தாயிரம்கூடத் தேறவில்லை. உப்பேறிய கிணற்றுக்கு அது ஈடாகுமா? பாக்கி இழப்பீட்டைக் கொடுக்கச் சொல்லி 2025 ஜனவரி 30-லும் அதே நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

டேனரிகளை மூட வேண்டும் என்பதல்ல வாதம். சிறு விவசாயியின் வீட்டிலிருந்தே ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். தொழில் ரகசியம் என்று ஆலைக்காரர்கள் சொல்லலாம். கலவை விகிதத்தை யாரும் கேட்கவில்லை. தண்ணீரிலும் மண்ணிலும் கலந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே அதிகாரிகளுக்குப் போகும் பாதுகாப்பு விவரத்தின் நகல், தமிழில், ஆலை இருக்கும் ஊராட்சிக்கும் வர வேண்டும். அரசு இதை விதியாகவே ஆக்க வேண்டும்.

அதுவரை விவசாயிகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கிராம சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி வைக்கலாம். 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுப் போடலாம். ரசாயன டிரம்மைக் குடிநீருக்கோ, மாட்டுத் தொட்டிக்கோ, விதை வைக்கவோ பயன்படுத்தக் கூடாது. டேனரிக் கசடை எரு என்று யார் இலவசமாகக் கொடுத்தாலும் வயலில் கொட்ட விடக் கூடாது.

அரை லிட்டர் மருந்துக்குத் தமிழில் எச்சரிக்கை தரும் நாட்டில், லாரி லாரியாக வரும் ரசாயனத்துக்கும் அதைத் தருவது பெரிய காரியமல்ல.