புளி போட்டு விளக்கினால் 'யுஎன்சி' ஆகிவிடுமா?

மக்களே, ஒரே ஒரு கேள்வி. பரீட்சை எழுதியவனே தன் பேப்பரைத் திருத்தி மார்க் போட்டுக்கொண்டால் ஒத்துக்கொள்வீர்களா? பழைய காசு விஷயத்தில் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்? விற்கிறவரே அட்டையில் 'யுஎன்சி' என்று எழுதி ஒட்டுகிறார். நாமும் பளபளப்பைப் பார்த்து மயங்கி, சேர்த்து வைத்த பாக்கெட் மணியை எண்ணிக் கொடுக்கிறோம்.

யுஎன்சி என்றால் புழக்கத்துக்கே வராத காசு. அவ்வளவுதான். பளிச்சென்று இருக்கும் காசு என்று அர்த்தமே கிடையாது! நாணயச்சாலை மூட்டைக்குள் ஒன்றோடொன்று முட்டிக் கீறல் விழுந்திருந்தாலும் அது யுஎன்சிதான். கை மாறிக் கை மாறித் தேய்ந்தது, தங்கமாக மின்னினாலும் யுஎன்சி இல்லை.

கிரேடு என்பது முதலில் தேய்மானக் கணக்கு. மேடான இடம்தான் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவின் கன்னம், புருவம், காது எல்லாம் தெளிவாக இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கியில் ஒரு குட்டி யானை உண்டு. 1911-ல் வந்த ரூபாயில் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய சர்ச்சையாகி, 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அந்த வரலாறு முழுக்க நகக்கண் அளவு இடத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

"கறுத்துப் போனதை விளக்கினால் அழகாகத்தானே இருக்கு?" என்பார்கள். ஐயா, அது குத்துவிளக்கு இல்லை! அச்சு ஓங்கி அடிக்கும்போது உலோகம் நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகள் உண்டாகின்றன. காசின் உண்மையான ஒளி அந்த வரிகளால் வருவது. தேய்த்தால் போச்சு, எந்த ஆசாரி வந்தாலும் திரும்ப வராது. கறுப்பு என்பது காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வருவது. அது அழுக்கல்ல, வயசு.

அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் 1949-ல் 70 புள்ளி அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தார். 1986-ல் பிசிஜிஎஸ், 1987-ல் என்ஜிசி என்று தரம் பார்க்கும் கம்பெனிகள் வந்தன. இவை காசை விற்பவர்கள் அல்ல. மூன்றாம் ஆள். மோசமாக விளக்கிய காசுக்கு எண்ணே போடாமல், 'விளக்கப்பட்டது' என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவர்களிடமும் குறை உண்டு, செலவும் அதிகம். நூறு இருநூறு ரூபாய்க் காசுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. அதனால்தான் சொல்கிறேன், நம் கண்ணைத்தான் நாம் பழக்க வேண்டும்.

வழி ரொம்ப சுலபம். ஒற்றை பல்பு வெளிச்சத்தில் காசைச் சாய்த்து மெதுவாகச் சுற்றுங்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரம் மாதிரி ஒளி கூடவே சுழன்றால் நல்ல அறிகுறி. ஒளி அசையாமல் எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னினால், ஒரே திசையில் மெல்லிய கோடுகள் தெரிந்தால், யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள்!

உங்கள் காசை நீங்கள் விளக்குவது உங்கள் உரிமை. ஆனால் விளக்கிவிட்டு 'யுஎன்சி' என்று விற்பதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. மோசடி.