மாதுவுக்குச் சிரிப்பு வராது

போன வருடம் எங்கட பீடத்து நாடக விழாவுக்கு நாங்கள் ஒரு பகிடி நாடகம் போட்டோம். அரை மணித்தியாலம். ஒரு வீட்டு விறாந்தை, ரண்டு கதிரை, ஒரு பொய், அந்தப் பொய்யை மறைக்க இன்னும் நாலு பொய். ஒத்திகையில் நாங்களே விழுந்து விழுந்து சிரிச்சோம். மேடையில் முதல் பகிடிக்குச் சனமும் சிரிச்சது. அந்தச் சிரிப்பு அடங்க முன்னமே எங்கட ஆள் அடுத்த வசனத்தைச் சொல்லிப்போட்டான். ரண்டாவது பகிடி ஒருத்தருக்கும் கேட்கேல்ல. மூன்றாவதுக்குச் சிரிப்பு வரும் என்று அவன் காத்துக்கொண்டு நின்றான், வரேல்ல. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

அதுக்குப் பிறகுதான் மாது பாலாஜியை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினோம்.

அவரைத் தெரியாதவர்களுக்கு: கிரேஸி மோகனின் தம்பி. மோகனை எங்கட வயசு ஆக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'மைக்கேல் மதன காமராஜன்', 'அவ்வை சண்முகி' வசனங்களைப் பாதிப் பேர் பாடமாக்கி வைத்திருக்கிறோம். 'தெனாலி'க்கும் வசனம் அவர்தான். (அந்தப் படம் எங்களைச் சிரிக்க வைத்ததா, எங்களை வைத்துச் சிரித்ததா என்ற சண்டை எங்கட அறையில் இன்னும் முடியேல்ல.) ஆனால் மோகன் வந்த இடம் சென்னை சபா மேடை. 1976 இல் எஸ்.வி. சேகரின் குழுவுக்கு 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார், 'கிரேஸி' பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979 இல் கிரேஸி கிரியேஷன்ஸ் என்று சொந்தக் குழு. அதில் கதாநாயகன் பாலாஜி. நாடகம் மாறும், பாத்திரத்தின் பெயர் மாறாது. எப்பவும் மாதுதான். 'மாது +2', 'மதில் மேல் மாது', 'மாது மிரண்டால்' என்று, பூனை நின்ற இடத்திலும் சாது நின்ற இடத்திலும் தம்பியைக் கொண்டுபோய் நிறுத்தினார் அண்ணன். கடைசியில் பாத்திரம் ஆளின் பெயருக்கு முன்னால் ஏறிக் குந்திவிட்டது.

இந்த வகை நாடகத்துக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல பெயர் இல்லை. துணுக்குத் தோரணம் என்று தட்டிக் கழிப்பார்கள். எங்கட பக்கம் அதைவிட மோசம். அரங்கியல் படிக்கிற ஒருவர் 'சபா நாடகம் பார்த்தேன்' என்று சொன்னால் மற்றவர்கள் பார்க்கிற பார்வையே வேற. கூத்து படிக்கிறோம், பிரெக்ட் படிக்கிறோம், குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' படிக்கிறோம். எல்லாம் படிக்கத்தான் வேணும். ஆனால் எங்கட மேடையில் அழ வைக்கத் தெரிந்த ஆக்கள் நிறையப் பேர், சிரிக்க வைக்கத் தெரிந்தவர் ஒருத்தருமில்லை. 'பகிடி' என்ற சொல்லையே கம்பஸில் நாங்கள் முதலில் கேட்டது 'வதை'யோடு சேர்த்துத்தான்.

ஒரே ஆள் நாற்பது வருடம் ஒரே மாதுவாக வருவது சோம்பல் இல்லையா என்று ஒரு சிநேகிதி கேட்டாள். நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திரனாகத் திரும்பத் திரும்ப மயானத்துக்குப் போனதை நாங்கள் கலை என்கிறோம். சனம் கதை தெரிந்துகொண்டேதான் விடிய விடிய இருந்தது. அழுகைக்கு அந்தச் சலுகை இருக்கென்றால் சிரிப்புக்கு ஏன் இல்லை?

சபா மேடையையும் கொஞ்சம் விளங்க வேணும். இன்றைக்கு இந்த மண்டபம், நாளைக்கு வேற மண்டபம். பின்னேரம் சாமான்களை இறக்கி, இரவே ஏற்ற வேணும். அதனால்தான் எப்பவும் ஒரு ஹோல், ஒரு சோபா, ரண்டு மூன்று கதவு. மைக் மேலிருந்து தொங்கும், அதுக்குக் கீழே வந்து நின்றால்தான் குரல் கேட்கும். அதனால் எல்லாரும் முன்வரிசையில் நிரையாக நின்று சபையைப் பார்த்துக் கதைக்கிறார்கள். இதைப் பார்த்துத்தான் 'இது நாடகமே இல்லை, மேடையில் ஒரு வானொலி' என்று நாங்களும் நக்கலடித்தோம். அப்படி அசையாமல் நிற்கிற இடத்தில் ஒரு நடிகருக்கு மிஞ்சுவது முகமும் நேரமும்தான்.

பாலாஜியின் பலம் அந்த நேரம். யூரியூப்பில் இருக்கிற பதிவொன்றைப் போட்டு, வசனத்தை விட்டுவிட்டு, சபையின் சிரிப்பை மட்டும் கேளுங்கோ. சிரிப்பு எழும்பும், உச்சிக்குப் போகும், இறங்கத் தொடங்கும். அது முழுதாக அடங்க ஒரு கணம் இருக்கேக்க அடுத்த வசனம் விழும். முந்தினால் வசனம் அமுங்கும், பிந்தினால் மண்டபம் குளிர்ந்துபோகும். காத்திருக்கிற அந்த இடைவெளியில் மாது சும்மா நிற்கமாட்டார். பொய் பிடிபடப் போகுது என்ற பயம் முகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மோகனின் பகிடிகளில் பாதி, ஒருவர் சொன்ன சொல்லை மற்றவர் வேறாக விளங்கிக்கொள்வதில் பிறக்கிறது. அதைக் கேட்டுத் திகைக்க ஒரு ஆள் வேணும். சபைக்கு அது பகிடி, மாதுவுக்கு அது ஆபத்து. தனக்கு நடக்கிறது பகிடி என்று அவருக்குத் தெரியாது. எங்கட ஆளுக்கு அது தெரிந்திருந்தது, பிழை அங்கதான்.

2019 ஜூன் 10 இல் மோகன் காலமானார். 'சாக்லேட் கிருஷ்ணா'வில் அண்ணன் கிருஷ்ணராகவும் தம்பி மாதுவாகவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். எழுதித் தந்தவரும் எதிரே நின்றவரும் ஒரே நாளில் இல்லாமல் போனபிறகும் பாலாஜி மேடையை விடேல்ல. அந்த வசனங்களைச் சொல்லி, சிரிப்பு அடங்குமட்டும் காத்து நிற்பது எப்படியிருக்கும் என்று நாங்கள் யோசித்துப் பார்த்திருக்கிறோம்.

எல்லாமே பிடிக்கும் என்று பொய் சொல்லமாட்டோம். அந்த ஹோலுக்குள் வெளியுலகம் வருவதே இல்லை. எப்பவும் ஒரே நடுத்தர வர்க்கத்து வீடு. கதாநாயகிக்கு எப்பவும் ஜானகி என்றே பெயர். தன்னைச் சின்ன வயசில் மேடையேற்றிய ஆசிரியைக்கு மோகன் செய்த மரியாதை அது. பெயருக்கு இருக்கிற மரியாதை பாத்திரத்துக்கு இல்லை. ஜானகி கோபிப்பாள், சந்தேகப்படுவாள், கடைசியில் சமாதானமாவாள். பகிடியெல்லாம் ஆம்பிளைகளுக்குத்தான்.

ஆனால் 'இது எங்கட மரபில்லை' என்ற கதை மட்டும் சரியில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் 'நானாடகம்' 1940 இல் புத்தகமாக வந்தது. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில், 'உடையார் மிடுக்கு' மாதிரி, வீட்டுக்குள்ளேயே நடக்கிற சிரிப்பு நாடகங்கள். பல்கலைக்கழகத்துத் தமிழ் நாடகம் தொடங்கினதே அப்படித்தான்.

இந்த வருடமும் நாங்கள் பகிடி நாடகம்தான் போடப்போகிறோம். போன முறை சொதப்பின அதே ஆள் நடிக்கிறான். ஒத்திகை நடக்கேக்க ரண்டு பேர் முன்னால் குந்தியிருந்து, நினைத்த இடத்தில் சத்தமாகச் சிரிக்க வேணும். அவன் அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பழகுகிறான். பொய் சொல்லி மாட்டுப்படுகிறது இந்தமுறை பெண் பாத்திரம். அவன் அவளுக்குப் பக்கத்தில் நின்று முழிக்க வேணும். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கேல்ல. ஜானகி வேண்டாம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே முடிவு.