மாற்றத்துக்கு எதிரி யார்?

துப்புரவுத் தொழிலாளிகள் மாற்றத்தை எதிர்க்கிறார்களாம். உலகமே மாறுதாம், இதுங்க மட்டும் பழசையே பிடிச்சிக்கிட்டுத் தொங்குதாம். இப்படிப் பேசுகிறவர்களில் ஒருத்தர்கூட ஒரு நாள் துடைப்பம் பிடித்தவர் இல்லை.

எங்கம்மா ஒரு நகராட்சியில் 28 வருசம் கூட்டினவள். எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் தகரமும் கூடையுமாக வீடுவீடாகக் கொல்லைப்புறம் போனவள். மழை பெய்தால் கூடை ஒழுகி முகத்தில் வழியும். அன்றைக்கு எந்த மேதாவியும் மாற்றம் என்று வாயைத் திறக்கவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டமே 1993-இல்தான் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம். குழிக்குள் செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-இல் முப்பது லட்சம் என்றது. எங்க சாவுக்கு ரேட்டு கூடுச்சே தவிர, சாவு நிக்கலை. எந்திரம் இறங்கியிருக்க வேண்டிய இடம் அந்தக் குழி. அங்கே வராத மாற்றம் எங்கே வந்தது? எங்க சம்பளத்தில் வந்தது.

2000-இல் சென்னையில் மூன்று மண்டலங்களின் குப்பை ஒரு பன்னாட்டுக் கம்பெனி கைக்குப் போனது. அதற்கப்புறம் டெண்டர் மேல் டெண்டர். 2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து ராயபுரம், திரு.வி.க.நகர் மண்டலத் தொழிலாளிகள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். 13 நாள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. அந்தப் பெண்கள் பேட்டரி வண்டி வேண்டாம் என்றா சொன்னார்கள்? கையுறை வேண்டாம் என்றா சொன்னார்கள்? எங்களைத் தனியாரிடம் தள்ளாதே, வேலையை நிரந்தரமாக்கு என்றுதான் கேட்டார்கள். எந்திரம் வரட்டும், தோழர். எந்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு காண்ட்ராக்டர் வருகிறானே, அவனைத்தான் வேண்டாம் என்கிறோம்.

நம்ம ஆட்களிலேயே சிலர் வேறு மாதிரி கேட்கிறார்கள். 'இந்த இழிதொழிலை நிரந்தரமாக்கச் சொல்லிப் போராடலாமா? சாதியை நிரந்தரமாக்குவது ஆகாதா?' நியாயமான கேள்வி போலத் தெரியும். ஆனால் காண்ட்ராக்டரிடம் போனதும் ஐயர் வீட்டுப் பிள்ளையும் முதலியார் வீட்டுப் பிள்ளையுமா துடைப்பம் தூக்க வந்தார்கள்? அங்கேயும் நாங்கதான். தொழிலில் சாதி அப்படியே இருக்க, பென்சனும் லீவும் மட்டும் போய்விட்டது.

அம்மா முதலில் தினக்கூலியாகத்தான் இருந்தாள். பர்மனெண்ட் ஆர்டர் வந்த அன்று, படிக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டி மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அதற்கப்புறம் மேஸ்திரி 'வாடி' என்று கூப்பிடக் கொஞ்சம் யோசித்தான். மாசம் பிறந்தால் சம்பளம் என்றானதால் நான் பள்ளிக்கூடம் போனேன். நான் துடைப்பம் எடுக்காமல் போனது அவள் நிரந்தரமாக இருந்ததால்தான். இன்றைக்கும் பென்சனில்தான் மருந்து வாங்குகிறாள்.

என் அக்கா மகள் இப்போது அதே தெருவைக் கூட்டுகிறாள். அதே துடைப்பம். ஆனால் ஏஜென்சி ஆள். டெண்டர் மாறினால் முதலாளி மாறுகிறான், அவள் சர்வீஸ் மறுபடியும் ஒண்ணிலிருந்து. பி.எஃப். பிடித்தாயே, கட்டினாயா என்று கேட்டால் நகராட்சி 'ஏஜென்சியைக் கேள்' என்கிறது. ஏஜென்சி 'நாளையிலேர்ந்து வராதே' என்கிறது. அவள் பிள்ளை எங்கே படிக்கும்? அந்தத் துடைப்பம்தான் அதுக்கும் காத்திருக்கு. சாதியை நிரந்தரமாக்குவது எது, நீங்களே சொல்லுங்கள்.

'எல்லாருக்கும் வேலை கொடுக்க அரசாங்கம் என்ன கம்பெனியா?' என்பது அடுத்த கேள்வி. மற்றவர்களுக்கு அரசாங்கம் பல வாசலில் ஒரு வாசல். சொந்தக்காரன் கம்பெனி இருக்கு, கடை இருக்கு, நிலம் இருக்கு. எங்களுக்குச் சட்டத்தைக் காட்டித் திறக்க முடிந்த வாசல் அது ஒன்றுதான். 18 விழுக்காடு இட ஒதுக்கீடு அரசு வேலையில்தான் உண்டு, காண்ட்ராக்டரிடம் கிடையாது. ஒப்பந்தமுறையை ஒழித்தாலும் தொழிலாளியை எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்கு இல்லை என்று 2001-இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. நாங்கள் படித்து வாசலுக்கு வந்து சேருகிற நேரம் பார்த்து வீட்டையே விற்கிறார்கள். இதுக்குப் பேரு சீர்திருத்தம்!

ரிப்பன் மாளிகை வாசலைக் காலி செய்த மறுநாளே அரசு ஓர் அறிவிப்பு விட்டது. தூய்மைப் பணியாளருக்குக் காலைச் சாப்பாடு இலவசமாம். வேலை செய்தவளுக்குச் சோறு போட்டு அனுப்புவது ஆண்டை வழக்கம். களத்துமேட்டில் எங்க பாட்டன் அதைப் பார்த்துவிட்டான். நாங்க கேட்டது சோறு இல்லை, வேலை. அதற்கு ஒரு ஆர்டர், அதில் எங்க பேரு, கீழே அரசாங்கத்தின் கையெழுத்து. அதைப் போட மறுக்கிறவன்தான் மாற்றத்துக்கு எதிரி.